இழை: ‘பைபார்ட்டிசன்’ ஆதரவு — கட்சி கடந்ததா, கட்சிகளூடானதா?

மொழிபெயர்ப்பாளர், பெரம்பூர்

குழுமத்தார்க்கு வணக்கம்.

காலநிலை நடவடிக்கைக்கு மக்களிடையே பரந்த ஆதரவைத் திரட்டுவது எப்படி என்று தன்னார்வலர்களுக்குச் சொல்லித்தரும் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பிலேயே ‘பைபார்ட்டிசன்’ (இரு கட்சியினரும் சேர்ந்து தரும்) என்னும் ஆங்கிலச் சொல் வழிமறிக்கிறது.

மூலநூல் அமெரிக்காவைப் பற்றியது. அங்கே 2016இல் பிரதிநிதிகள் சபையில் காலநிலைத் தீர்வுகளுக்கென உறுப்பினர் குழு ஒன்று அமைந்தபோது, ஒரு கட்சியிலிருந்து ஒருவர் சேர்ந்தால் மற்றக் கட்சியிலிருந்தும் ஒருவர் சேர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நோவாவின் பேழையில் உயிர்கள் இணை இணையாக ஏறியதோடு அதை ஒப்பிடுவார்கள். அவர்களுக்கு ‘இருகட்சி’ பொருந்தும். எங்கள் தெருமுனையில் நின்று எண்ணினாலே ஏழெட்டுக் கொடிக்கம்பங்கள் தேறும்.

‘கட்சி கடந்த ஆதரவு’ என்று எழுதி, தெருவிலுள்ள மகளிர் குழுவில் படித்துக் காட்டினேன். “கட்சிய விட்டு வந்துட்டவங்க குடுக்குற ஆதரவாம்மா?” என்று ஓர் அம்மாள் கேட்டார். அவர் இருபது ஆண்டுகளாக ஒரு கட்சியின் வட்டப் பிரதிநிதி. 2015 வெள்ளத்தில் எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளரோடு ஒரே மீன்பிடிப் படகில் நின்று, வீடு வீடாகப் பால் பாக்கெட் கொடுத்தவர். நூல் குறிப்பது அவரைப் போன்றவரைத்தான். என் தொடரோ அவரையே வெளியில் நிறுத்திவிட்டது. வேறு சொல் உண்டா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவல்லிக்கேணி

மொழிபெயர்ப்பாளர் அம்மையாரின் தொடரில் பிழையில்லை. ‘கடந்த’ என்னும் பெயரெச்சம் ‘ஆதரவு’ என்னும் பெயர் கொண்டு முடிகிறது. ஆகவே கட்சியைக் கடந்தது ஆதரவே, ஆள் அன்று. ஆதரவு தருபவர் தம் கட்சியில் இருந்தபடியே இருக்கலாம்.

தவிர்க்க வேண்டியது ‘கட்சிசார்பற்ற’ என்பதையே. அது நடுவருக்குரிய நிலை. ‘ஒருபால் கோடாமை’ (ஒரு பக்கம் சாயாமை) என்று 118ஆம் குறள் சொல்வது சான்றோர்க்கு அணியாகலாம். வட்டச் செயலாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர் ஒருபால் கோடித்தான் இருப்பார். இப்பால் கோடியவரும் அப்பால் கோடியவரும் ஒரு செயலுக்குச் சேர்ந்து கை தூக்குவதற்கே நமக்குப் பெயர் வேண்டும்.

சொல்லாய்வு ஆர்வலர், தாம்பரம்

ஆசிரியர் ஐயா எச்சத்தைப் பார்த்தார், ‘கட்சி’யைப் பார்க்கவில்லை. சங்கத் தமிழில் கட்சி என்றால் புகலிடம். கூடு என்றும் பொருளுண்டு. புறநானூற்று 202ஆம் பாட்டில் கபிலர், வேட்டுவர் துரத்த ஒதுங்க இடமின்றி ஓடும் விலங்கைக் ‘கட்சி காணாக் கடமா நல்லேறு’ என்கிறார். அரசியற்கட்சி வடசொல் வழி வந்தது என்பாரோடு நான் உடன்படேன். கூடற்பொருள் தரும் ‘கள்’ என்னும் வேரில் கூடும் கட்சியும் ஒன்றாகவே கிளைத்தன என்பது என் துணிபு. அவ்வாறாயின் கட்சி கடந்தவர் கூடிழந்தவர் ஆகிறார். ‘கூட்டிசைவு’ என்று ஆளுங்கள். அதில் கூடு என்னும் பெயரும் கூடு என்னும் வினையும் ஒருங்கே நிற்கின்றன.

பொறியாளர், அம்பத்தூர்

ஐயா, ‘கூட்டிசைவு’ என்றால் மார்கழிக் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். ‘கட்சி’க்கும் அதே கதிதான்: உயர் நீதிமன்ற வளாகத்தில் கட்சிக்காரர் என்றால் வழக்காட வந்தவர்.

இப்பொருள் நம் ஊரில் பெயரில்லாமலே நடமாடுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடை 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது ஆண்டது ஒரு கட்சி. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது ஆண்டது அதன் நேர் எதிர்க்கட்சி. ஒருவர் போட்ட தடையை மற்றவர் நீக்கவில்லை. 2003இல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பும் ஆட்சி மாறியதால் கைவிடப்படவில்லை. மேடையில் யாரும் யாரையும் பாராட்டவில்லை என்பது வேறு. ‘எல்லாக் கட்சியினரும் ஏற்கும்’ என்று நேராக எழுதினால் என்ன குறை?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவல்லிக்கேணி

குறை, ஒருவர் விடாமல் என்று பொருள்தரும் முற்றும்மையில் இருக்கிறது. ‘எல்லாரும்’ என்றால் ஒருவர் விலகினாலும் கூற்றுப் பொய்யாகிவிடும். நியூசிலாந்து 2019இல் கரிம உமிழ்வுக்கான சட்டத்தை இயற்றியபோது ஆளுங்கட்சியும் முதன்மை எதிர்க்கட்சியும் ஒன்றாக நின்றதே செய்தி. எல்லாரும் நின்றார்களா என்பது அங்கே கேள்வியன்று. ‘எதிர்க்கட்சியினரும் ஆதரித்தனர்’ என்னும்போது வரும், மற்றவரோடு இவரும் என்று உணர்த்தும் எச்சவும்மையே இப்பொருளின் உயிர். அந்த ‘உம்’மை ஒரு பெயர்ச்சொல்லுக்குள் வைக்க வழியில்லை என்பதே நம் துயரம்.

வாசகர், வளசரவாக்கம்

வழி உண்டு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘ஊடாக’ என்று நாள்தோறும் புழங்குகிறோம். ‘கட்சிகளூடான ஆதரவு’ என்றால், ஆதரவு ஒவ்வொரு கட்சிக்குள்ளும் புகுந்து செல்கிறது. எவரும் எதையும் கடக்க வேண்டியதில்லை. அந்த வட்டப் பிரதிநிதி அம்மாவும் தன் கரைச்சேலையோடு உள்ளேயே நிற்பார்.

சொல்லாய்வு ஆர்வலர், தாம்பரம்

‘ஊடு’ நல்ல சொல். ஆனால் அதிலிருந்து ஊடலும் பிறக்கிறதே. கட்சிகள் ஊடியபின் கூடும் என்று கொண்டால், மீண்டும் என் ‘கூட்டிசைவு’க்கே வந்து சேர்வோம்.

மட்டுறுத்துநர்

இதுவரை பதினேழு மடல்கள். ‘காலநிலை’யா ‘பருவநிலை’யா என்று இதே இழையில் தொடங்கிய இருவரின் மடல்களை நிறுத்தி வைத்திருக்கிறேன், அரசே 2021இல் சுற்றுச்சூழல் துறையின் பெயரில் காலநிலை மாற்றத்தைச் சேர்த்துவிட்டது, நம் பழைய இழையும் அத்தோடு முடிந்தது. கருத்துச் சொன்னவர்களில் ஆறு பேர் ‘கட்சி கடந்த’, இருவர் ‘கட்சிகளூடான’, ஒருவர் ‘கூட்டிசைவு’. ஆறு பேரில் நால்வர், அச்சுக்கு நேரமாகிறது என்பதையே காரணமாக எழுதியிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர், பெரம்பூர்

அனைவர்க்கும் நன்றி. தலைப்பில் ‘கட்சி கடந்த ஆதரவு’ என்றே வைக்கிறேன். முதல் பக்கத்தில், ‘அவரவர் கட்சியில் இருந்துகொண்டே, இந்த ஒன்றுக்காகச் சேர்ந்து நிற்பது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதை அந்த அம்மாளிடம் படித்துக் காட்டியபோது, “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். ஆசிரியர் ஐயாவின் எச்ச விளக்கத்தை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

வாசகர், வளசரவாக்கம்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்து மாறவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். நீங்கள் பார்வைக்கு அனுப்பிய படியில், 14ஆம் பக்கத்தில் ‘கடந்த ஆண்டு கட்சி கடந்த ஆதரவு’ என்று ஒரு தொடர் கிடக்கிறது. அதையாவது ‘சென்ற ஆண்டு’ என்று மாற்றிவிடுங்கள்.