மூலிகை நச்சால் சிறுநீரகம் தழும்பேறுவதில் இரத்த ஓட்டக் குறைவின் பங்கு என்ன?

கேள்வி:
அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட மூலிகைகளை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழப்பதைப் பற்றிப் படித்துவருகிறேன். வடிகட்டிய நீரைச் சிறுநீராக்கும் மெல்லிய குழாய்களான நுண்குழல்களின் செல்களை அந்த அமிலம் நேரடியாகத் தாக்குகிறது என்பது விளங்குகிறது. ஆனால் மூலிகையை நிறுத்திய பின்னரும் பலருக்குத் தழும்பேற்றம் தொடர்வது ஏன்? இரத்த ஓட்டம் குறைவது இந்நோயின் காரணமா, விளைவா?

மறுமொழி 1:
விளைவாகத் தொடங்கிக் காரணமாக மாறுகிறது என்பதே என் புரிதல். சிறுநீரில் வெளியேற வேண்டிய பொருள்களை உள்ளிழுக்கும் கடத்திகள் வழியாகவே இந்த அமிலமும் அண்மை நுண்குழல் (நுண்குழலின் முதல் பகுதி) செல்களுக்குள் புகுந்து, டி.என்.ஏ.வுடன் பிணைந்து அவற்றை மடியச் செய்கிறது. நலமாக இருக்கும்போது இந்தச் செல்கள்தாம் வி.இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, தம்மைச் சூழ்ந்த தந்துகிகளைப் பேணுகின்றன. ஆகவே அவை மடிய மடியத் தந்துகிகளும் அருகிப்போகின்றன. குழாய்களைச் சுருக்கும் எண்டோதீலின் மிகுந்து, அவற்றை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைவதால் எஞ்சிய குழாய்களும் இறுகுகின்றன.

இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் சென்றாலும், அதன் பெரும்பகுதி வடிகட்டலுக்கானது. உட்பகுதி எப்போதுமே குறைந்த ஆக்சிஜனில்தான் இயங்குகிறது. தட்டுப்பாட்டில் தவிக்கும் செல்கள் டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற சமிக்ஞைகளை வெளியிட, நார்ச்செல்கள் தழும்பின் நார்ப்புரதமான கொலாஜனைக் குவிக்கின்றன. குவிந்த கொலாஜன் தந்துகிக்கும் செல்லுக்கும் இடையேயான தொலைவைக் கூட்டித் தட்டுப்பாட்டை மேலும் வளர்க்கிறது. மூலிகை நின்றாலும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை. அமில எச்சம் டி.என்.ஏ.வில் பல ஆண்டுகள் தங்குவதால், இரத்த ஓட்டத்தின் மீது மட்டும் பழி சுமத்துவதும் பொருந்தாது.

மறுமொழி 2:
ஒரு வரலாற்றுச் செய்தியைச் சேர்க்கிறேன். பெல்ஜியத்தில் எடைக் குறைப்புச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் கண்ட இந்நோய் 1993இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவர்களது மருந்தில் ஸ்டெஃபானியா டெட்ரான்ட்ரா என்னும் மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா ஃபாங்சி இடம்பெற்றிருந்தது. உடன் உட்கொண்ட ஃபென்ஃப்ளூரமைன் என்னும் பசியடக்கும் மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி நச்சுக்குத் துணைபோயிருக்குமோ என்ற ஐயம் அப்போது எழுந்தது. ஆனால் விலங்குகளுக்கு அமிலத்தை மட்டும் கொடுத்தபோதும் அதே வகைத் தழும்பு உண்டாயிற்று. மனிதத் திசு ஆய்விலோ அழற்சிச் செல்கள் குறைவாகவும், சிறு தமனிகளின் சுவர் தடித்தும், இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகள் பெரும்பாலும் தப்பியும் காணப்பட்டன. இரத்த ஓட்டத்தின் பங்கை ஆய்வாளர்கள் கைவிடாததற்கு அந்தத் தடித்த சுவர்களும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இரத்த ஓட்டத்தைச் சீராக்கினால் தழும்பு மறையுமா?

மறுமொழி 1:
உருவான தழும்பை மறையச் செய்யும் மருந்து இன்று இல்லை. ஓட்டத்தை மேலும் குறைப்பவற்றைத் தவிர்ப்பதுதான் நம் கையில் உள்ளது: ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள், நீரிழப்பு, கட்டுப்படாத இரத்த அழுத்தம். சிறுநீரகம் தளரும்போது இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினினின் உயர்வுக்குப் பொருந்தாத அளவில் இரத்தசோகை கடுமையாக இருந்தால் வியக்க வேண்டாம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டினைச் சுரக்கும் செல்கள், நுண்குழல்களுக்கு இடையே தழும்பேறும் இடைத்திசுவிலேயே உள்ளன.

மறுமொழி 2:
ஈசுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் இதே அரிஸ்டோலோகியா பேரினத்தைச் சேர்ந்தவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இந்த அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதால், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிய பின்னரும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின்னரும் அதற்கான கண்காணிப்பை நிறுத்தக் கூடாது.