வெளிநாட்டுல படிக்கிறப்போ ஒரு நாள் ட்ரிப் போறதுல ஏதாவது பலன் இருக்கா?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ரூம், கிளாஸ், லைப்ரரி இத விட்டா ஒண்ணுமே பாக்கல. யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல மாசம் ஒரு சனிக்கிழமை பஸ் வச்சு பக்கத்து ஊர்களுக்கு கூட்டிட்டு போறாங்க, மெயில் வந்துட்டே இருக்கு, அசைன்மென்ட்ட நெனச்சு ஒவ்வொரு தடவையும் விட்டுடறேன். போனா அந்த ஊர பத்தி நெஜமாவே ஏதாவது தெரியவருமா, இல்ல போட்டோ எடுத்துட்டு திரும்புறதோட சரியா? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
கண்டிப்பா போங்க. ஆனா பேர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள்ல எத்தனை ஊர்னு பாருங்க. நான் முதல்ல போனது ஒரே நாள்ல மூணு ஊர், ஊருக்கு நாப்பது நிமிஷம், கைடு முன்னாடி ஓட நாங்க பின்னாடி ஓட, ஒரு பெரிய சர்ச் வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போக நேரமில்லாம திரும்பிட்டோம், இன்னிக்கும் அது மனசுல உறுத்துது.

அப்புறம் ம்யூனிக்ல இருந்தப்போ ஒரே ஒரு இடத்துக்குன்னு போனது டாஹாவ். 1933-ல ஹிட்லரோட நாஜி கட்சிக்காரங்க தொறந்த வதைமுகாம், 41,000 பேருக்கு மேல செத்துருக்காங்க, இப்ப நினைவிடம், உள்ள போக காசு கிடையாது. கைதிகள அடைச்சு வச்சிருந்த கொட்டகைல ரெண்டு மட்டும் திருப்பி கட்டி வச்சிருக்காங்க, மீதி 32-க்கும் தரையில அஸ்திவார அளவு மட்டும் தெரியும், நடுவுல சரளைக்கல். அது வரிசையா போயிட்டே இருக்கு, யாரும் பேசல, நடக்கிற சத்தம் மட்டும்தான். கூட வந்த ஜெர்மன் பொண்ணு "ஸ்கூல்ல படிக்கிறப்பவே எங்கள இங்க கூட்டிட்டு வந்தாங்க"ன்னு சொன்னா. தன் நாடு செஞ்ச கொடுமைய தன் பிள்ளைங்களுக்கே காட்டுறாங்களேன்னு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன், அவங்கள பத்தி ஒரு செமஸ்டர் கிளாஸ்ல தெரியாதது அன்னிக்கு புரிஞ்சுது. தயவுசெஞ்சு அங்க செல்ஃபி மட்டும் எடுக்காதீங்க.

பதில் 2:
நான் பாரிஸ்ல படிச்சேன், அந்த பக்கம் வந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, வயசு 26-க்குள்ள இருந்து ஐரோப்பிய யூனியன் நாட்டு ரெசிடென்ஸ் பர்மிட் இருந்தா லூவ்ர் மாதிரி அரசாங்க ம்யூசியம் எல்லாம் ஃப்ரீ. லூவ்ருக்கு செவ்வாய் லீவு, ஓர்சே ம்யூசியத்துக்கு திங்கள் லீவு, இது தெரியாம வந்து கதவ பாத்துட்டு போறவங்க நெறைய. லூவ்ர்ல எல்லாத்தயும் பாக்கணும்னு ஓடாதீங்க, கால் வலிதான் மிச்சம். மோனாலிசா கூட்டத்த விட்டுட்டு பழைய பாபிலோன் ராஜா ஹம்முராபியோட சட்டம் செதுக்கின கருங்கல் கிட்ட போய் நில்லுங்க, ரெண்டு மீட்டருக்கு மேல உயரம், உடம்பு பூரா எறும்பு ஊர்ற மாதிரி பொடிப்பொடியா ஆப்பு வடிவ எழுத்து. கிட்டத்தட்ட 3,800 வருஷத்துக்கு முந்தினது. நான் ஒரு மதியம் பூரா அந்த ரூம்லயே இருந்தேன்.

பதில் 3:
பார்டர் தாண்டி போறதா இருந்தா பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டும் ஒரிஜினலா கையில இருக்கணும். ஷெங்கன் நாடுகளுக்குள்ள (ஒரே விசா செல்லுற ஐரோப்பிய நாடுகள்) 180 நாள்ல 90 நாள் வரைக்கும் சுத்தலாம், ஆனா யூகேவும் அயர்லாந்தும் அதுல சேராது, தனி விசா வேணும். என் கிளாஸ்மேட் போன்ல போட்டோ இருக்கேன்னு கிளம்பி வந்தான், நடுராத்திரி பஸ்ல செக்கிங், பாவம் அவன மட்டும் எறக்கி விட்டுட்டாங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்பதான் மெயில பாத்தேன், அடுத்த ட்ரிப் ஒரே ஊர்தான், கொலோன். பேர் குடுத்துட்டேன்!

பதில் 1:
சூப்பர்! கொலோன்ல இருக்கிற பெரிய சர்ச், அந்த கதீட்ரல 1248-ல ஆரம்பிச்சு 1880-லதான் முடிச்சாங்க, நடுவுல முந்நூறு வருஷம் வேலையே நடக்கல, பாதி எழும்பின கோபுரத்து மேல மரக்கிரேன் அப்படியே நின்னுச்சாம். அத மனசுல வச்சுகிட்டு தெற்கு கோபுரத்துல ஏறுங்க, 533 படி, வழியில 24 டன் மணி ஒண்ணு தொங்குது. படி சுத்தி சுத்தி போகும், ரொம்ப குறுகல், எறங்குறவங்களும் அதே படியிலதான் வருவாங்க, அதனால காலையில கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே ஏறிடுங்க.