'செயற்கைப்பட்டுப் பெண்' நாவலின் டோரிஸ் மேலோட்டமான பாத்திரமா?

கேள்வி:
இர்ம்கார்ட் கொய்ன் 1932-இல் எழுதிய 'செயற்கைப்பட்டுப் பெண்' என்ற ஜெர்மன் நாவலை அண்மையில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். வழக்கறிஞர் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்க்கும் 18 வயது டோரிஸ், அந்த வேலை போனபின் நாடக மேடையில் தலைகாட்டப் பார்க்கிறாள். பிறகு அரங்கிலிருந்து யாரோ ஒருத்தியின் ஃபர் கோட்டைத் திருடி அணிந்துகொண்டு, பெரிய ஆளாகிவிடும் கனவோடு பெர்லினுக்கு ஓடுகிறாள். அங்கே அவளுடைய சிந்தனை பெரும்பாலும் உடைகளையும், எந்த ஆணிடம் என்ன கிடைக்கும் என்பதையுமே சுற்றி வருகிறது. நாஜிகள் தடைசெய்த எழுத்தாளர், பல ஆண்டு மறதிக்குப் பின் மீட்டெடுக்கப்பட்டவர் என்ற அனுதாபத்தில் நாவலுக்குத் தகுதிக்கு மீறிய மதிப்பைக் கொடுக்கிறோமோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது. படித்தவர்கள் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1:
டோரிஸ் உடையைப் பற்றியே நினைக்கிறாள் என்பது உண்மைதான். ஆனால் அவளிடம் முதலீடு என்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. அவள் தட்டச்சு செய்யும் கடிதங்களில் காற்புள்ளிகள் தாறுமாறாக இருக்கும். வழக்கறிஞர் அதைக் கண்டுபிடிக்கும் தருணத்தில் ஒரு பார்வையால் அவரைச் சமாளித்துவிடுவாள். அந்தப் பார்வையை அவர் அழைப்பாக எடுத்துக்கொண்டு நெருங்கும்போது அவள் மறுக்கிறாள், வேலை போகிறது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடிகாரத் தந்தையிடம் கொடுத்தாக வேண்டிய பெண்ணுக்குப் படிப்பும் இல்லை, சிபாரிசும் இல்லை. 1932-இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் பதிவு செய்யப்பட்ட வேலையற்றோர் மட்டும் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். நன்றாக உடுத்தியிருப்பவளுக்குத்தான் கதவு திறக்கும் என்ற அவளுடைய கணக்கை அந்தச் சூழலில் வெறும் மோகம் என்று தள்ளிவிட முடியவில்லை.

அந்தக் கோட்டே அவளைச் சிக்கவும் வைக்கிறது. திருட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் அவளால் காவல்துறைப் பக்கம் போக முடியாது; அடையாளத் தாள்கள் இல்லாததால் முறையான வேலையும் தேட முடியாது. ஆகவே ஆண்களை நம்பிக் காலம் தள்ளுவது அவளுடைய குணத்தால் மட்டும் நேர்வதன்று. கொய்ன் இதைப் பிரசங்கமாக எங்கும் சொல்வதில்லை, கதையின் முடிச்சிலேயே வைத்துவிடுகிறார்.

மறுமொழி 2:
அனுதாபம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்த நாவல் வெளிவந்தபோதே பரபரப்பாக விற்றது. ஆகவே மக்கள் தாமாக மறந்துவிட்டார்கள் என்பதைவிட, கடைகளிலிருந்து அகற்றப்பட்டது என்பதே பொருத்தம். 1933-இல் அவருடைய நூல்கள் தடைக்குள்ளாயின. வருமானம் போனதற்கு இழப்பீடு கேட்டு அந்த அரசின்மீதே வழக்குத் தொடர்ந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1936-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1940-இல் அவர் தற்கொலை செய்துகொண்டதாகப் பொய்ச்செய்தி பரவியது. அதே ஆண்டில் போலி ஆவணங்களுடன் ஜெர்மனிக்குத் திரும்பி, போர் முடியும்வரை மறைந்து வாழ்ந்தார். போருக்குப் பின் கவனிப்பாரின்றிக் கிடந்தவரை 1970-களின் இறுதியில்தான் பத்திரிகையாளர்களும் பெண்ணிய வாசகர்களும் தேடி வந்தார்கள். 1982-இல் இறப்பதற்கு முன் அந்த இரண்டாவது புகழைச் சிறிது காலமாவது கண்டார்.

இவ்வளவும் சொன்னபிறகு, நாவலில் குறையே இல்லை என்று வாதாட மாட்டேன். மனைவி விட்டுச்சென்ற எர்ன்ஸ்ட்டின் வீட்டில் டோரிஸ் தங்கும் பகுதி எனக்கு நீளமாகவே பட்டது.

மறுமொழி 3:
பிரென்னர் வரும் பகுதியை இன்னொரு முறை படிக்குமாறு கேள்வி கேட்டவரை வேண்டுகிறேன். முதல் உலகப் போரில் பார்வை இழந்த அண்டை வீட்டுக்காரரான அவருக்காக டோரிஸ் தெருத்தெருவாகச் சுற்றி, விளம்பர விளக்குகளையும் கடைகளையும் முகங்களையும் சேகரித்து வந்து சொல்கிறாள். தன் வாழ்க்கையைத் திரைப்படம்போல எழுதப்போவதாக முதலிலேயே அறிவித்தவள் அல்லவா, அந்தப் பக்கங்கள் உண்மையிலேயே ஒளிப்பதிவுக் கருவியின் வேகத்தில் ஓடுகின்றன. பராமரிப்பு விடுதிக்கு அவர் அனுப்பப்படுவதற்கு முன் அவரை அவள் கடைசியாக நகருக்குள் அழைத்துச் செல்கிறாள். அவள் பெருமையோடு காட்டும் பெர்லின் அவருக்கு நோயுற்ற நகரமாகவே படுகிறது. மேலோட்டமான பாத்திரத்தை வைத்துக்கொண்டு இப்படியொரு காட்சியை எழுத முடியாது என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
விரிவான பதில்களுக்கு நன்றி. தாள்கள் இல்லாமை பற்றிய விளக்கம் எனக்கு மிகவும் உதவியது. எர்ன்ஸ்ட் பகுதி குறித்து இரண்டாம் நண்பரோடு உடன்படுகிறேன். இவருடைய வேறு எந்த நாவலை அடுத்து எடுக்கலாம்?

மறுமொழி 1:
1931-இல் வந்த முதல் நாவலான 'கில்கி'யை எடுங்கள். கில்கியும் தட்டச்சு செய்பவள்தான். ஆனால் கொலோன் நகரில் பணம் சேமித்து, மொழிகள் கற்று, ஒழுங்கையே நம்பி வாழ்பவள் என்பதால் டோரிஸுக்கு நேர் எதிரானவள். அரசியல் நெடி கூடுதலாக வேண்டுமென்றால், நாஜி ஆட்சிக்கால ஃபிராங்க்ஃபர்ட்டைக் காட்டும் 'நள்ளிரவுக்குப் பின்' இருக்கிறது. அது 1937-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது.