மொன்றியலின் புளூ பொனட்ஸ் பந்தயத் திடல் எப்படி அழிந்தது?

வடலி எழுதியது:

வணக்கம். கோட்-தெ-நேஜ் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கும் நமூர் மெற்றோ நிலையம் அன்றாடம் கால்படும் இடம். அங்கிருந்து டெக்காரி நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கத்துக்குக் கடந்தால், கட்டடம் எதுவும் இல்லாத பெருவெளி ஒன்று பரந்து கிடக்கிறது. நகரின் நடுவே, மெற்றோவுக்கு இத்தனை அருகே, இவ்வளவு நிலம் ஏன் சும்மா கிடக்கிறது என்று விசாரித்தபோதுதான், அது புளூ பொனட்ஸ் என்று பெயர்பெற்ற குதிரைப் பந்தயத் திடல் என்றும், 2009இல் மூடப்பட்டது என்றும் தெரியவந்தது.

ஊரில் மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்தவன் என்பதால், அங்கு நடந்ததும் வண்டிப் பந்தயமே என்று கேள்விப்பட்டதும் ஆவல் கூடிவிட்டது. பல்லாயிரம் பேரை ஈர்த்த ஒரு திடல் எப்படி இந்நிலைக்கு வந்தது? மக்களுக்கு ரசனை மாறிவிட்டதா, அல்லது யாரோ எடுத்த முடிவுகளால் விளைந்த அழிவா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

செங்கதிர் எழுதியது:

வடலி, உங்கள் கேள்விக்கு ரசனை மாற்றத்தை மட்டும் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. அந்தத் திடலின் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் சூதாட்டச் சட்டத்தின் போக்கையே பின்பற்றின என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே வரலாற்றையும் சட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

புளூ பொனட்ஸ் என்ற பெயரில் பந்தயம் 1872இலேயே நகரின் மேற்குப் புறத்தில் தொடங்கிவிட்டது. நீங்கள் பார்த்த இடத்தில் திடல் திறக்கப்பட்டது 1907 யூன் மாதத்தில். அன்று அது குதிரையின் முதுகில் ஜொக்கி அமர்ந்து ஓட்டும் பந்தயத்துக்கான இடம். டோர்வால், மவுண்ட் ராயல், தெலோரிமியே என்று மொன்றியலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வேறு பல திடல்களும் இயங்கிய காலம் அது; அவற்றையெல்லாம் கடந்து நிலைத்தது புளூ பொனட்ஸ்தான். 1932இல் ஜோசப் கட்டரினிச், லியோ தாந்துரான், லூயி லெதூர்னோ ஆகிய மூவர் அதை வாங்கினார்கள். 1921இல் மொன்றியல் கனேடியன்ஸ் ஹொக்கி அணியை 11,000 டொலருக்கு வாங்கிய அதே மூவர்.

திடலின் தலைவிதி மாறியது 1943இல். மின்விளக்கு ஒளியில் இரவு நேரக் குதிரைவண்டிப் பந்தயம் அவ்வாண்டில் தொடங்கியது. பகற்பொழுதில் பந்தயம் நடந்தால் ஓய்வும் வசதியும் உள்ளவர்கள்தான் வர முடியும். இரவில் நடந்தால் தொழிற்சாலை வேலை முடிந்தவரும், கடையைப் பூட்டிவிட்டு வருபவரும் வரலாம். அதிலும் வண்டிப் பந்தயம் கியூபெக்கின் கிராமப்புறத்துக்கு அந்நியமானதல்ல. பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் வண்டி பூட்டிக் குதிரைகளை விரட்டிய மரபு அங்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆகவே அந்தப் பந்தயம் சீமான்களின் பொழுதுபோக்காக நிற்காமல் உழைக்கும் மக்களின் மாலைப் பொழுதாக ஆயிற்று.

1958இல் நிதித்துறைச் செல்வந்தர் ழான்-லூயி லெவெக் அதை வாங்கி, 1961இல் பெரும் செலவில் புதிய பார்வையாளர் மண்டபத்தை எழுப்பினார். குதிரைமேல் மெய்யான பற்றுள்ளவர் அவர். அவருடைய லொன்ஜோலெர் என்ற குதிரை 1975இல் ரொறன்ரோவில் நடந்த குயின்ஸ் பிளேற் பந்தயத்தை வென்றது. ஜொக்கிப் பந்தயம் ஏறக்குறைய அக்காலத்தோடு புளூ பொனட்ஸில் நின்றுபோக, எஞ்சியது வண்டிப் பந்தயம் மட்டுமே. அதன் மகுடம் 'பிரி தெத்தே' எனப்பட்ட கோடைப் பரிசு. 1980இல் அதை நயாட்ரோஸ் வென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் லெக்சிங்டனில் போட்டியாக அன்றி நேரத்தை மட்டும் எதிர்த்து ஓடி ஒரு மைலை 1 நிமிடம் 49.2 நொடியில் கடந்து உலகையே வியக்க வைத்த குதிரை அது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். கனடாவின் குற்றவியல் சட்டம் நெடுங்காலம் சூதாட்டத்தைத் தடைசெய்தே வைத்திருந்தது. பெரிய விதிவிலக்கு பந்தயத் திடல். கூட்டரசு 1920இல் கூட்டுத்தொகை முறையைத் தன் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டது; இன்றும் வேளாண் அமைச்சின் கீழுள்ள முகமையே அதை மேற்பார்க்கிறது. கட்டப்படும் பணமெல்லாம் ஒரு தொகையாகச் சேரும். அதிலிருந்து வரியும் திடலின் பங்கும் பரிசுப் பணமும் கழிக்கப்படும். மிச்சம் வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். சட்டத்துக்கு உட்பட்டுக் காசு வைத்துப் பார்க்க விரும்பிய ஒரு சாதாரண மனிதனுக்கு, திடலை விட்டால் போக்கிடம் பெரிதாக இருக்கவில்லை. கூட்டம் நிரம்பி வழிந்ததற்கு அது பெருங்காரணம்.

1969இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மாகாணங்கள் லொத்தர் நடத்தலாம் என்றாயிற்று. 1970இலேயே மாகாணத்தின் லொத்தர் நிறுவனமான லொட்டோ-கியூபெக் சீட்டு விற்கத் தொடங்கிவிட்டது. 1993இல் நோத்ர-டாம் தீவில், 1967 உலகக் கண்காட்சிக்காக பிரான்சு கட்டிய மண்டபத்தில் மொன்றியல் கசீனோ திறக்கப்பட்டது. அடுத்து மதுக்கடைகளுக்கு வீடியோ லொத்தர் இயந்திரங்கள் வந்தன. குதிரையின் பழைய ஓட்டங்களைப் படித்து, தரையின் ஈரத்தைக் கவனித்து, சாரதி யார் என்று பார்த்துக் காசு வைப்பது பொறுமையும் அறிவும் கேட்கும் வேலை. இயந்திரத்துக்கு ஒரு பொத்தான் போதும். திடலை வீழ்த்திய போட்டி அரசின் கையிலிருந்தே வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1990களின் தொடக்கத்தில் நிலம் மாநகரத்தின் கைக்கு வந்தது. 1995இல் பெயர் 'இப்போட்ரோம் தெ மொன்றியல்' என மாறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் மாகாண அரசின் நிறுவனம் ஒன்று நிர்வாகத்தை ஏற்றது. 2006இல் மொன்றியல், கியூபெக் நகரம், துருவா-ரிவியேர், எய்ல்மர் ஆகிய நான்கு திடல்களும் 'அத்ராக்சியோன் இப்பீக்' என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. வீடியோ லொத்தர் இயந்திரங்களிலிருந்து வரும் பங்கை நம்பியே அந்த ஏற்பாடு நின்றது. எதிர்பார்த்த பணம் வரவில்லை. 2008இல் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. 2009 ஒக்டோபரில் மொன்றியல் திடல் நிரந்தரமாக மூடப்பட்டது.

நெய்தல் எழுதியது:

செங்கதிர் அண்ணா சட்டத்தைப் பற்றி எழுதியதை ஏற்கிறேன். ஆனால் விளையாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் வடலியின் ஆவல் பாதியிலேயே நின்றுவிடும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இந்தக் குதிரைவண்டிப் பந்தயத்தில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது என்பதே தலையாய விதி. ஒரு வகைப் பந்தயத்தில் முன் இடக்காலும் பின் வலக்காலும் என்று குறுக்குக் கால்கள் சேர்ந்து எழும். மற்ற வகையில் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழும். வட அமெரிக்காவில் இரண்டாம் வகையே அதிகம். அதற்காகக் கால்களை இணைத்து மாட்டும் வளையப் பட்டைகளும் உண்டு. வேகத்தின் உச்சத்தில் குதிரை நடை தவறிப் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால், சாரதி அதை ஓரமாக இழுத்து மீண்டும் நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவை கடந்துபோய்விடும். முன்னணியில் ஓடிய குதிரை கடைசி வளைவில் நடை பிசகித் தோற்பது கண்ணுக்கு எதிரே நடக்கும். சாரதியின் கை லாவகம் இங்கு எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் புரியும்.

அவர் அமர்வது சல்கி எனப்படும் இரு சக்கர வண்டியில். எடை மிகக் குறைவு. கால்கள் குதிரையின் பின்தொடைக்கு இருபுறமும் நீண்டிருக்கும். தொடக்கமும் தனி அழகு. இருபுறமும் சிறகுபோல் நீண்ட தடுப்புகளைக் கொண்ட மகிழுந்து ஒன்று முன்னே ஓட, குதிரைகள் அதன் பின்னால் வரிசை கட்டி வேகம் பிடிக்கும். தொடக்கக் கோட்டை எட்டியதும் சிறகுகள் மடங்கிக்கொள்ள, மகிழுந்து விரைந்து விலகிவிடும். 1946இல் நியூயோர்க்கின் ரூஸ்வெல்ற் திடலில் இந்த ஏற்பாடு வந்த பிறகுதான், தொடக்கம் சரியில்லை என்று திரும்பத் திரும்ப அழைத்து நேரத்தை வீணாக்கும் தொல்லை ஒழிந்தது. இரவுப் பந்தயத்துக்குக் கூட்டம் கூடியதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கியூபெக் இந்தப் பந்தயத்துக்கு அளித்தது கொஞ்சமல்ல. ஸ்டாண்டர்ட்பிரெட் எனப்படும் பந்தய இனத்தின் இரத்தத்தில், பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்த கனேடியக் குதிரையின் பங்கும் கலந்திருக்கிறது. ஏர்வே ஃபிலியோன் என்ற சாரதி கற்றினோ அருகே ஆஞ்ஜே என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1968இல் ஒரே ஆண்டில் 407 வெற்றிகளைப் பெற்று, ஓர் ஆண்டில் 400ஐக் கடந்த முதல் சாரதி ஆனார். வாழ்நாளில் 15,000க்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றார். இப்படிப்பட்டவர்களை உருவாக்கிய மாகாணத்தின் தலைத் திடல் இன்று வெறும் தரையாகிவிட்டது என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

வடலி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம். இயந்திரங்களின் வருமானத்தில் பங்கு கொடுத்துத் திடலைக் காப்பாற்றியிருக்க முடியாதா? ஒன்ராறியோவில் அப்படிச் செய்தார்கள் என்று கேள்வி. நிலத்துக்கு இனி என்ன நடக்கும் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கூதிர் எழுதியது:

ஒன்ராறியோ 1998இல் பந்தயத் திடல்களில் காசு இயந்திரங்களை வைத்து, வருமானத்தில் 10 வீதத்தைத் திடலுக்கும் 10 வீதத்தைப் பரிசுப் பணமாகக் குதிரைக்காரர்களுக்கும் கொடுத்தது உண்மை. பரிசு பெருத்தது, நல்ல குதிரைகளும் சாரதிகளும் அங்கு போனார்கள். இந்தச் சங்கிலியை நினைத்துப் பாருங்கள்: பந்தயப் பணம் குறைந்தால் பரிசு குறையும், பரிசு குறைந்தால் நல்ல குதிரை வெளியேறும், குதிரை தரம் தாழ்ந்தால் பார்க்க வருபவர் குறைவார், பந்தயப் பணம் இன்னும் குறையும். மொன்றியல் இதில்தான் சிக்கிக்கொண்டது. ஆனால் ஒன்ராறியோவும் 2013இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. உடனே சில திடல்கள் மூடின, வளர்ப்புப் பண்ணைகள் சுருங்கின. இயந்திரம் ஊட்டும் வரைதான் திடல் வாழும் என்றால், அது அரசின் ஒரு கையெழுத்தில் தொங்கும் வாழ்வு. ஆகவே அந்த வழி மொன்றியலைக் கூடுதலாகச் சில ஆண்டுகள் தாங்கியிருக்கும், அவ்வளவே என்பது என் மதிப்பீடு.

செங்கதிர் ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். அரசின் போட்டி இல்லாதிருந்தாலும், நேரடி ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டு வேறு ஊர்ப் பந்தயங்களுக்குக் காசு வைக்கும் வசதி வந்தபின், திடலுக்கு நேரில் வரும் பழக்கம் தேய்ந்தே தீரும். பத்தாயிரம் பேருக்குக் கட்டிய மண்டபத்தில் சில நூறு பேர் அமர்ந்திருந்தால் மின்கட்டணத்துக்கும் வெப்பமூட்டலுக்குமே வருவாய் போதாது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. நமூர் மெற்றோ 1984இல் திறந்ததிலிருந்து அந்த மண்ணுக்குக் குதிரையைவிடக் குடியிருப்பே பொருத்தம் என்று திட்டமிடுவோர் எண்ணத் தொடங்கியதில் வியப்பில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை, மூடிய பின் அங்கு பெரிதாக நடந்தது 2011 யூலையில் யூ2 குழுவின் இரண்டு இரவு இசை நிகழ்ச்சிகள்தான். ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய தற்காலிக அரங்கையே அதற்காகக் கட்டிப் பின்னர் கழற்றினார்கள். இடையில் மாகாண அரசின் கைக்குப் போயிருந்த நிலம் 2017இல் மாநகரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2018இல் பார்வையாளர் மண்டபம் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 43 ஹெக்டேர் பரப்பில் 7,500 வீடுகள் என்பது முதலில் பேசப்பட்ட கணக்கு. பின்னர் சுற்றுப்புற நிலங்களையும் சேர்த்து 20,000 வரை என்று உயர்த்தினார்கள். ஆனால் முதல் மனைக்கு ஒப்பந்தக்காரர்களை அழைத்தபோது எவரும் முன்வரவில்லை. நீர்க்குழாயும் கழிவுநீர் வடிகாலும் தெருக்களும் புதிதாக அமைக்க வேண்டிய இடம். அந்தச் செலவை யார் சுமப்பது என்ற இழுபறி தீராமல் வீடு எழும்பாது. வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட கோட்-தெ-நேஜில் நம் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அங்கு கட்டப்படும் வீடுகளில் கணிசமான பங்கு கட்டுப்படியாகும் வாடகைக்கு வர வேண்டும் என்று மாநகரக் கலந்தாய்வுகளில் நாமும் எழுந்து பேச வேண்டும்.

வண்டிப் பந்தயத்தை நேரில் பார்க்க வேண்டுமானால், வடலி, துருவா-ரிவியேருக்குப் போங்கள். மூடிய திடல்களில் அது ஒன்றுதான் 2012இல் மறுபடி உயிர்பெற்றது. புளூ பொனட்ஸின் கோடைப் பரிசும் அதன் பிறகு அங்கேதான் மீண்டும் நடத்தப்பட்டது. மொன்றியலிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரப் பயணம். பந்தயங்கள் கோடையை ஒட்டிய மாதங்களில் நடக்கும் என்பதால் நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.