வண்டன்மேட்டிலிருந்து திரும்பி வந்த தங்கைக்கு இங்கே உதவி கிடைக்குமா?

முல்லையாறு:
எங்களுக்குக் கம்பம் பக்கம். எட்டு வருடத்துக்கு முன்னால் தங்கையைக் கேரளாவில் வண்டன்மேட்டில் கட்டிக்கொடுத்தோம். அவர்களும் தமிழ்க் குடும்பம்தான், மூன்று தலைமுறையாக ஏலத்தோட்ட வேலை. தங்கையும் தோட்டத்துக்குப் போனாள், ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு அவள் வீட்டுக்காரர் பிடுங்கிக்கொள்வார், தரமாட்டேன் என்றால் அடி. நாங்கள் போட்ட ஐந்து பவுனும் அடகில் இருக்கிறது. போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவள், திரும்பிப் போகவில்லை. பெரியவனின் பள்ளிக்கூடப் பைக்குள் திணித்த கொஞ்சம் துணியும் மூன்று ஆதார் அட்டையும்தான் அவள் கொண்டுவந்தது. வயது 27.

இப்போது விடியற்காலை ஜீப்பில் எங்கள் தெருப் பெண்களோடு மறுபடியும் அந்த மலைக்குத்தான் காய் எடுக்கப் போகிறாள். வேறு தோட்டம்தான், இருந்தாலும் சாயங்காலம் ஜீப் வந்து அவள் இறங்கும்வரை அம்மா வாசற்படியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

ரேஷன் கார்டில் பெயர் கேரளாவில் இருக்கிறது, குடும்பத் தலைவி மாமியார். பெயரை நீக்கித் தரமாட்டேன் என்கிறார். இங்கே ஓர் அலுவலகத்தில் கேட்டால் கார்டு இருக்கிற மாநிலத்தில் போய்க் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால் நீதான் ஊரை விட்டுப் போய்விட்டாயே என்கிறார்கள். கைவிடப்பட்ட பெண்களுக்கு பென்ஷன் இருக்கிறதாமே, அது கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

தேவாரத்துக்காரன்:
இருக்கிறது அக்கா, மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், தாசில்தார் தருவார்.

மலையடிவாரம்:
தம்பி சொன்ன சான்றிதழ் சரி, ஆனால் பென்ஷன் இப்போதைக்குக் கிடைக்காது. அதற்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், விவாகரத்து இல்லையென்றால் பிரிந்து ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அதை நம்பி அலைந்தால் தோட்டக்கூலிதான் போகும். எங்கள் ஊரில் இப்படி அலைந்து ஓய்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ரேஷன் கார்டில் தொடங்காதீர்கள், வழக்கில் தொடங்குங்கள். கார்டு எந்த மாநிலம் என்று ஆயிரம் பேர் கேட்பார்கள், நீதிமன்றம் கேட்காது. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 27ஆவது பிரிவு என்ன சொல்கிறதென்றால், அடி விழுந்தது எங்கே என்றாலும் அந்தப் பெண் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம், அவர் போடுகிற உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். அப்படியென்றால் உங்களுக்கு உத்தமபாளையம். வண்டன்மேட்டுக்கோ கட்டப்பனைக்கோ அவள் ஏற வேண்டியதில்லை. கூலியைப் பிடுங்கியதும் நகையை அடகு வைத்ததும்கூட அந்தச் சட்டத்தில் வன்முறைதான், பொருளாதார வன்முறை. நகையையும் அவளுடைய உடைமைகளையும் திருப்பிக் கொடு என்று உத்தரவு கேட்கலாம், பிள்ளைகளுக்குச் செலவுப் பணம் கேட்கலாம், வழக்கு முடியும்வரை இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே இலவச சட்ட உதவி உண்டு, வருமானச் சான்று தேவையில்லை. நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். போன் என்றால் 15100. அவர் வந்து மிரட்டினால் 181, அவசரத்துக்கு ராத்திரியும் எடுப்பார்கள். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், சம்பவ அறிக்கையை அவரே எழுதித் தருவார்.

அப்புறம் கார்டு. பெயர் நீக்கம் ஆனதும் அம்மா கார்டில் சேர்த்துவிடாதீர்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான், அம்மா வாங்கிக்கொண்டிருந்தால் தங்கைக்கு வராது. தனியாகச் சமைத்துக் குடியிருந்தால் அவள் பெயரிலேயே தனிக் கார்டு கேளுங்கள். பெரியவனைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டதா?

மிளகுக்கொடி:
நானும் இதே வழியில் வந்தவள்தான், என்னுடையது பீர்மேடு பக்கம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அறிக்கை எழுதும்போது முதன்முதலில் எப்போது அடித்தார் என்று கேட்பார்கள். எனக்கு ஒரு தேதிகூட வாயில் வரவில்லை, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிளகு பறிக்கிற நேரமா, காய் எடுக்கிற நேரமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மிளகுச் சமயம், ஏணியிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு. உங்கள் தங்கையை ஒரு நோட்டில் இப்படியே எழுதி வைக்கச் சொல்லுங்கள், எந்தத் திருவிழா, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தச் சனிக்கிழமை என்று. நகைக்கு ரசீது இல்லையென்றால் கல்யாணப் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள்.

முல்லையாறு:
எல்லோருக்கும் நன்றி. பெரியவனை இன்னும் சேர்க்கவில்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

மலையடிவாரம்:
அதைச் சொல்லித் தட்டவே முடியாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்காமல் இருக்கக்கூடாது என்று 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் போடுகிறார்கள், விடியற்காலை ஜீப் ஏறுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

முல்லையாறு:
சரி அண்ணா, நாளைக்கே எழுதிக்கொண்டு போகிறேன். திங்கட்கிழமை ஜீப்புக்கு வரவில்லை என்று தங்கை சொல்லிவிட்டாள், உத்தமபாளையம் போகிறோம். நோட்டு வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.