ஒன் ஆன் ஒன்னில் குறையை எப்படிச் சொல்வது?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் டீம் லீடாகி மூன்று மாதம் ஆகிறது. வாராவாரம் ஒவ்வொருவரோடும் தனியாக அரை மணி நேரம் ஒன் ஆன் ஒன் பேசுகிறேன். ஒரு பையன் டெஸ்ட் செய்யாமலே வேலையை அனுப்பிவிடுகிறான், நம்ம ஊர்க்காரன் வேறு, முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை.

பதில் 1: வருடாந்திர மதிப்பீடான அப்ரைசல் வரை தள்ளாதீர்கள். எனக்கு அப்படித்தான் ஒரு வருடத்துக் குறையை மொத்தமாகக் கொட்டினார்கள், இன்னும் வலிக்கிறது. "நீ கவனமில்லாதவன்" என்று ஆளைச் சொல்லாமல், "செவ்வாய்க்கிழமை அனுப்பியதில் லாகின் வேலை செய்யவில்லை, இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள், அப்புறம் அவன் பேசும்வரை பொறுங்கள்.

பதில் 2: சரிதான். சிப் நிறுவனமான இன்டெலை நடத்திய ஆண்டி குரோவ் 1983லேயே எழுதினார், ஒன் ஆன் ஒன் மேலாளரின் கூட்டம் இல்லை, கீழே வேலை செய்பவரின் கூட்டம் என்று.

கேட்டவர்: இன்று சொல்லிவிட்டேன். வேலையைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் சர்வருக்கு அவனுக்கு அனுமதியே கொடுக்கவில்லையாம், கேட்கத் தயங்கியிருக்கிறான்.