'இரசாயனமற்றது' என்று சோப்பு உறையில் அச்சிடலாமா?

கோபிக்காரி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் எங்கள் வீட்டில் நானும் என் நாத்தனாரும் மூன்று ஆண்டுகளாகத் தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் குளியல் சோப்பு செய்து வருகிறோம். அரப்புத் தூள், நலங்கு மாவு, சத்து மாவு, எங்கள் தோப்புத் தேங்காயை ஊர் மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய் ஆகியவையும் உண்டு. இதுவரை உறவினர்களுக்கும், மாதம் ஒருமுறை கூடும் ஒரு சந்தையில் பழகியவர்களுக்கும் மட்டுமே கொடுத்தோம். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாலும் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

இப்போது கோவையில் உள்ள ஓர் அங்காடி மாதந்தோறும் 200 சோப்புகள் கேட்கிறது. உறையின் முகப்பில் 'நூறு சதவீதம் இயற்கையானது', 'இரசாயனமற்றது', 'சூழலுக்கு உகந்தது' என்ற மூன்று வரிகளும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அவை இல்லாவிட்டால் வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்கவே மாட்டார் என்கிறார்கள். ஆனால் என் சமையலறை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் காஸ்டிக் சோடா டப்பா என் கண்முன் நிற்கிறது. அதைப் போடாமல் சோப்பு வராது என்று தெரிந்துகொண்டே 'இரசாயனமற்றது' என்று எழுதுவது பொய்யா, அல்லது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்குதானா? விற்பனைக்கு என்னென்ன உரிமங்கள் வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சவர்க்காரம் எழுதுகிறார்:

சகோதரி, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சோப்பு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு கிலோ தேங்காயெண்ணெயை முழுவதும் சோப்பாக மாற்ற ஏறத்தாழ 183 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா தேவை. கவனமாகச் செய்பவர்கள் அதில் 5 சதவீதம் குறைத்து 174 கிராம் அளவில் போடுவார்கள். காரம் முழுவதும் எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துவிட, சிறிது எண்ணெய் மட்டும் மிஞ்சித் தோலுக்கு வழவழப்பைத் தரும். ஆகவே சரியாக அளந்து, நான்கு முதல் ஆறு வாரம் ஆறவிட்ட சோப்பில் காஸ்டிக் சோடா காஸ்டிக் சோடாவாக இருப்பதில்லை. சோப்பும் கிளிசரினும்தான் இருக்கும். பெரிய ஆலைகள் பெரும்பாலும் பிரித்தெடுத்து வேறு பயனுக்கு விற்றுவிடும் அந்தக் கிளிசரின் உங்கள் சோப்பில் அப்படியே தங்குகிறது. இது பெருமையோடு சொல்லத்தக்க உண்மை. இதை விட்டுவிட்டு 'இரசாயனமற்றது' என்று எழுதுவானேன்? வண்ணார்கள் உவர்மண்ணைக் கொண்டு துணி வெளுத்த காலத்திலும் அழுக்கை எடுத்தது காரம்தான், அதுவும் வேதியியல்தான்.

காஸ்டிக் சோடாவே படாத பொருள் வேண்டும் என்று கேட்பவருக்கு உங்களிடமே விடை இருக்கிறது. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்த அரப்பும், சீயக்காயும், பூந்திக்கொட்டையும் தம்மிடம் இயல்பாக உள்ள சபோனின் என்னும் பொருளால் நுரைக்கின்றன. 'உசிலை இலை மட்டும்' என்று அரப்பு உறையில் எழுதினால் அதில் ஒரு சொல்லும் மிகையாக இருக்காது.

செய்தித்தாளைப் பற்றியும் ஒரு சொல். சோப்பைச் சுற்றினால் மை ஒட்டும், அவ்வளவுதான். சத்து மாவை அதில் கொடுக்கவே கூடாது. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறை அதைத் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. மெல்லிய காகிதப் பையும் சத்து மாவுக்கு ஏற்றதன்று. ஈரம் ஏறி வண்டு விழுந்து ஒரு கிலோ மாவு குப்பைக்குப் போனால், அதை விளைவிக்கச் செலவான நீரும் உழைப்பும் சேர்ந்தே போகின்றன. திருப்பித் தந்தால் முன்பணம் கிடைக்கும் என்ற ஏற்பாட்டில் கண்ணாடிப் புட்டியோ தகர டப்பாவோ கொடுத்துப் பாருங்கள்.

உறைவாசிப்பவன் எழுதுகிறார்:

சட்டத்தின் பக்கத்தை நான் சொல்கிறேன். அங்காடிக்காரர் கேட்கும் மூன்று வரிகளும் மனச்சான்றுக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் உரியவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட, பசுமைப் பூச்சுக்கு (சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டிக்கொள்வதற்கு) எதிரான வழிகாட்டு நெறிகளின்படி, 'இயற்கையானது', 'சூழலுக்கு உகந்தது', 'ஆர்கானிக்' போன்ற பொதுப்படையான சொற்களை விளக்கமும் சான்றும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது. எது, எந்த அளவில், எதனால் உகந்தது என்று சொல்லியாக வேண்டும். 'விலங்குகளிடம் சோதிக்கப்படாதது' என்ற வரியும் இப்படித்தான். அழகுசாதனங்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014இலேயே தடை செய்துவிட்டது. ஆகவே அந்த வரி, திருடாமல் கடை நடத்துகிறேன் என்று பலகை மாட்டுவதற்குச் சமம்.

உரிமம் என்று வந்தால், சத்து மாவும் செக்கெண்ணெயும் ஒரு வழி, சோப்பும் நலங்கு மாவும் வேறு வழி. முதல் வகைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண்டுக்கு 12 லட்ச ரூபாய் வரை விற்பவர்களுக்கு எளிய பதிவை வைத்தன, கட்டணமும் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தற்போதைய வரம்பை விண்ணப்பிக்கும்போது துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனங்கள் சட்டத்தின் கீழ், விற்பனைக்காகச் செய்யும் சோப்பும் அழகுசாதனமே. 2020ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். அதற்குத் தனி இடமும், வேதியியலோ மருந்தாக்கியலோ படித்த ஒரு பணியாளரும் தேவை. வீட்டுச் சமையலறைக்கு இது பெரிய மலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் கூடத்தில் உங்கள் பொருளைச் செய்துகொள்ள உதவும் கடன் உரிமம் என்றொரு வழியும் விதிகளில் உள்ளது. 200 சோப்புக்கு அதுதான் பொருந்தும்.

உங்கள் தேங்காயெண்ணெய் எந்த வழியில் போகும் என்பது சுவையான கேள்வி. சிறு புட்டிகளில் வரும் தூய தேங்காயெண்ணெய் உணவெண்ணெயா கூந்தல் எண்ணெயா என்று பல ஆண்டுகள் நடந்த வரி வழக்கில், கூந்தல் எண்ணெய் என்று பொருளிலேயே குறிக்கப்படாதவரை அது உணவெண்ணெயே என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஒரு தரப்பு உங்கள் பக்கத்து மாவட்டமான சேலத்தின் மத்திய கலால் ஆணையர். புட்டிக்குள் எண்ணெய் ஒன்றே. பெயர் ஒட்டும் கைதான் அதன் சாதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே 'முடி கொட்டுவதை நிறுத்தும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நோய் தீர்க்கும் பேச்சு வந்தால் அது மருந்தாகிவிடும்.

கோபிக்காரி எழுதுகிறார்:

இருவருக்கும் நன்றி. அதே அங்காடி, 'பதப்படுத்தி' (கெடாமல் காக்கும் பொருள்) எதுவும் சேர்க்காத கற்றாழை ஜெல்லும் கேட்கிறது. தோட்டத்தில் கற்றாழை நிறைய இருக்கிறது. செய்யலாமா?

சவர்க்காரம் எழுதுகிறார்:

வேண்டாம். சோப்பு காரத்தன்மை உடையது, அரப்பு உலர்ந்த தூள். இரண்டிலும் கிருமி எளிதில் வளராது. கற்றாழை ஜெல்லோ பெரும்பாலும் தண்ணீர். தொடக்கத்தில் நானும் 'பதப்படுத்தி இல்லாதது' என்று பெருமையாக எழுதி முப்பது புட்டிகள் கொடுத்தேன். பார்வைக்கும் மணத்துக்கும் குறையில்லாத ஒரு புட்டியை மூன்றாம் வாரம் திறந்த அம்மா ஒருவர், மூடியின் உட்புறத்தில் கருப்புப் பூஞ்சையைக் காட்டினார். வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வந்தேன். தண்ணீர் உள்ள பொருளில் அளவான பதப்படுத்தி சேர்ப்பதே வாங்குபவருக்குச் செய்யும் நன்மை.

கடைவீதி எழுதுகிறார்:

நான் இத்தகைய பொருள்களை விற்கும் சிறிய கடை நடத்துகிறேன். ஆகவே அந்த அங்காடிக்காரருக்காகக் கொஞ்சம் பேசுகிறேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், பக்கத்து அலமாரியோடு போட்டியிடுகிறார். இருப்பினும், 'இல்லாதவற்றை' அடுக்கும் உறைகளைவிட, எங்கிருந்து வந்தது என்று சொல்லும் உறைகளைத்தான் என் கடையில் இரண்டாம் முறை தேடி வருகிறார்கள். கோத்தகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பாருங்கள். தேன் எடுத்தவருக்கே நிறுவனத்தில் பங்கு உண்டு என்பதைவிட வலுவான விளம்பரம் எந்த 'நூறு சதவீதத்திலும்' கிடையாது. உங்களுக்கும் தோப்பு இருக்கிறது, செக்கு இருக்கிறது, நாத்தனார் இருக்கிறார். தேங்காய் உடைக்க வருபவர்களுக்குக் கூலி என்ன கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டால் தயங்காமல் சொல்வீர்கள் அல்லவா? அதையும் எழுதலாம்.

கோபிக்காரி எழுதுகிறார்:

நேற்றிரவு உறைக்கான வாசகத்தை எழுதி அங்காடிக்கு அனுப்பிவிட்டேன். 'எங்கள் தோப்புத் தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா. காஸ்டிக் சோடா எண்ணெயோடு சேர்ந்து சோப்பாக மாறிவிடும். ஆறு வாரம் ஆறவிட்ட பின்பே விற்கிறோம்.' கடன் உரிமம் கைக்கு வரும்வரை ஒரு கட்டியும் அனுப்ப முடியாது என்பதையும் சொல்லியிருக்கிறேன். காஸ்டிக் சோடாவை இவ்வளவு பெரிய எழுத்தில் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாச் சொற்களும் ஒரே அளவுதான் என்று நாத்தனார் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.